வெடிப்பலா பூக்கும் மாதம்

மழைக்காட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற சென்னைக் குடும்பம் முதலில் பார்ப்பது பள்ளிக்கூட விடுமுறையை. அதனால்தான் மே மாதம் கார்கள் வரிசை கட்டி மலையேறுகின்றன. ஒரு வியூ பாயிண்ட், ஒரு அருவி, சூடாகப் பஜ்ஜி, கையில் இருக்கும் பொட்டலத்தைப் பிடுங்கும் நாட்டுக்குரங்கு. காட்டைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எப்போது போகலாம் என்று கேட்டால் எந்தப் பயண ஏஜெண்டும் மரத்தைக் கேட்டுப் பதில் சொல்வதில்லை. கேட்டிருந்தால் மரம் சொல்லியிருக்கும்: ஜனவரிக் கடைசி வாரம், தவறினால் பிப்ரவரி முதல் பாதி.

பட்டினப்பாக்கத்திலிருந்து கிளம்புகிற ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உப்புக்காற்றில் துருவேறிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அமேசானையும் போர்னியோவையும் டிவியில் பார்த்து ஏங்குகிறவருக்கு, அதே வகைக் காடு ஒரு ராத்திரி ரயிலும் மூன்று மணி நேரப் பேருந்தும் தள்ளி ஆனைமலையில் இருப்பது பல சமயம் தெரிவதில்லை. வெப்பமண்டல மழைக்காடுகள் உலக நிலப்பரப்பில் 7 சதவீதம்கூட இல்லை. நிலத்தில் வாழும் உயிரினங்களில் பாதிக்கு மேல் அங்கேதான் வசிக்கின்றன என்பது அறிவியலாளர்களின் மதிப்பீடு. அந்தச் சொத்தில் ஒரு துண்டு கோயம்புத்தூர் மாவட்டத்தில் கிடக்கிறது.

மழை நிறையப் பெய்தால் மழைக்காடு வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அது பாதி உண்மை. மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வால்பாறையில் அவ்வளவு இல்லை. 3,000க்குச் சற்று மேல். ஆனால் உயரமான, வகைவகையான மரங்கள் செறிந்த காடு வால்பாறைப் பக்கத்தில்தான் இருக்கிறது. மகாபலேஷ்வரில் மரங்கள் குட்டை, வகைகளும் குறைவு. காரணம், அங்கே மழை முழுவதும் நான்கு மாதத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்ச மாதங்களுக்கு மறைந்துவிடுகிறது. தெற்கே வர வர ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, ஏப்ரலில் கோடை இடிமழை என்று மரத்தின் தாகம் முற்றுவதற்குள் ஏதாவது ஒரு மழை வந்து சேர்கிறது. பெய்யும் அளவைவிடப் பெய்யாத மாதங்களின் எண்ணிக்கைதான் காட்டின் சாதியைத் தீர்மானிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதற்கும் இந்தக் கணக்கை மரம் மரமாகப் பார்த்துப் போட்டுக்காட்டியவர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ழான்-பியர் பாஸ்கல். அவருடைய நூல் 1988-ல் வந்தது. இன்றைக்கும் தென்னிந்தியக் காடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைத் தொடாமல் நகர முடியாது.

சென்னைக்கும் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை உண்டு. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியிலிருந்து மே வரை வானம் வெறிச்சென்று கிடக்கும். அதனால் இங்கே இயற்கையாக வளர்ந்தது தடித்த இலை கொண்ட குட்டை மரங்களின் உலர் பசுமைமாறாக் காடு. கிண்டியில் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம்.

சரி, ஏன் ஜனவரிக் கடைசி? இரண்டு காரணம். ஒன்று பூ, மற்றொன்று பறவை.

வெடிப்பலா என்று ஒரு மரம். தென்கிழக்கு ஆசியாவில் நாற்றத்துக்குப் பேர்போன துரியன் பழத்துக்கு நெருங்கிய உறவு. முள் பந்து மாதிரி காய், உள்ளே கொழுத்த கொட்டை. ஆனைமலையிலும் களக்காடு மலைகளிலும் நடுத்தர உயரத்துக் காட்டில் இந்த மரம்தான் தலைமை. மழை ஓய்ந்து, மற்ற மரங்களில் பழம் அற்றுப்போகிற வறண்ட மாதங்களில் இது பூக்கிறது. பூவுக்கு இதழ் கிடையாது. கிளையிலிருந்து நேரே கொத்துக் கொத்தாக முளைக்கும் சதைப்பற்றான குழாய்கள்; உள்ளே தேன். சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலை அணில், இரவில் பழுப்பு மரநாய், வௌவால் என்று காட்டின் பாதி ஜனம் அந்த மரத்தில் பந்திக்கு உட்காரும். களக்காடு–முண்டந்துறைக் காப்பகத்தின் காக்காச்சியில் மர உச்சிகளில் ஏறி உட்கார்ந்து ஆய்வு செய்த டி. கணேஷ், சௌபத்ரா தேவி இருவரும் 2000-ல் இந்த விருந்தைப் பற்றி எழுதினார்கள். பூவைத் தின்ன வரும் பாலூட்டிகள் ஒரு பகுதியை அழித்தாலும், மூஞ்சியில் ஒட்டிய மகரந்தத்தை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகவும் செய்கின்றன. மகரந்தச் சேர்க்கை என்றால் தேனீயும் பட்டாம்பூச்சியும் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்த நமக்கு, குரங்கும் மரநாயும் அந்த வேலைக்கு வருவது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

எனவே காட்டுக்குள் போனவுடன் கண்ணை விலங்கைத் தேடி அலையவிட வேண்டாம். வெடிப்பலா பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே குழாய்ப் பூக்கள் சிதறிக் கிடந்தால் மேலே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது பறவை. மலை இருவாச்சி, கொக்கைவிடப் பெரிது. அலகின் நுனியிலிருந்து வால்வரை ஒரு மீட்டரைத் தொடும். மஞ்சள் அலகு, அதன்மேல் ஒரு கொம்புத் தொப்பி. ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. பறக்கும்போது இறகுகளின் இடுக்கில் காற்று புகுந்து எழுப்பும் ஓசை, பறவை கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும். ஆண்டின் தொடக்கத்தில் பெண் பறவை ஏதாவது ஒரு கிழமரத்தின் பொந்துக்குள் நுழைந்து, தன் எச்சத்தையும் உணவு மிச்சத்தையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசி மூடிக்கொள்கிறது. அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். உள்ளே இருக்கும் காலத்தில் பழைய இறகுகளை உதிர்த்துவிடும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்கும்வரை கூட்டுக்காலம் கிட்டத்தட்ட நான்கு மாதம் நீளும். தாய் உள்ளே இருக்கும்வரை சோறு போடுவது ஆண். தொண்டைக்குள் பழங்களை அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கீற்று வழியே ஊட்டும். இதே மாதங்களில்தான் பட்டினப்பாக்கம் மணலில் நள்ளிரவில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போகின்றன. பிள்ளை வளர்ப்பில் இதைவிட எதிரெதிரான இரண்டு வழிகளை ஒரே மாநிலத்தில் காண்பது கடினம்.

இருவாச்சியால் பொந்து குடைய முடியாது. மரங்கொத்தி போல அலகை உளியாக்கத் தெரியாது. காற்றில் கிளை முறிந்து, பூஞ்சை அரித்து, பல பத்தாண்டுகளில் தானாக உண்டான பொந்து வேண்டும். ஆகவே நூற்றாண்டு கண்ட மரம் வேண்டும். பெரிய மரத்தை வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நட்டேன் என்று கணக்குக் காட்டுகிறவர்களிடம் இருவாச்சி கேட்கக்கூடிய கேள்வி இது.

இத்தனை மாதம் ஆண் பறவைக்குத் தடையின்றிப் பழம் எங்கிருந்து கிடைக்கிறது? முக்கியமாக அத்தி மரங்களிலிருந்து. இதைப் புரிந்துகொள்ள ஆனைமலை வரைக்கும் போக வேண்டாம். பட்டினப்பாக்கத்திலிருந்து பார்த்தால் அடையாறு முகத்துவாரத்துக்கு அந்தக் கரையில் தெரியும் பச்சை, தியசாபிகல் சொசைட்டியின் தோப்பு. அங்கே நிற்கும் அடையாறு ஆலமரமும் அத்திக் குடும்பம்தான். சுமார் 450 வயது என்பார்கள். 1989-ல் ஒரு புயற்காற்றில் நடு மரம் சாய்ந்தது, விழுதுகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. ஆலம்பழம் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு மூடிய பூங்கொத்து. நூற்றுக்கணக்கான பூக்கள் உள்பக்கம் பார்த்துப் பூத்து, வெளியே தோல் போர்த்திக்கொண்டிருக்கின்றன. நுனியில் ஊசித்துளை. கடுகைவிடச் சிறிய ஒரு பெண் குளவி அந்தத் துளைக்குள் நுழையும்போது இறக்கை பிய்ந்துபோகும். திரும்பி வர வழியில்லை. கொண்டுவந்த மகரந்தத்தைத் தூவி, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே செத்துவிடும். முட்டையிலிருந்து முதலில் வரும் ஆண்களுக்கு இறக்கையே கிடையாது. உள்ளுக்குள்ளேயே பெண்களோடு இணை சேர்ந்து, வெளியேற ஒரு சுரங்கம் தோண்டிக் கொடுத்துவிட்டு அவையும் முடிந்துபோகும். பெண்கள் மகரந்தத்தைச் சேகரித்துக்கொண்டு வெளியே பறக்கும். அவற்றின் மிச்ச ஆயுள் ஒன்றிரண்டு நாள். அதற்குள் தன் இனத்துக்கே உரிய, சரியான பருவத்தில் காய்த்திருக்கும் இன்னொரு மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கேதான் சங்கதி இருக்கிறது. மாமரம் போல எல்லா ஆலமரமும் ஒரே மாதத்தில் காய்த்தால், அடுத்த மாதம் குளவிக்குப் போக்கிடம் இராது. குளவி இனம் அழியும், கூடவே ஆலும் அழியும். ஆகவே அத்தி இன மரங்கள் ஒவ்வொன்றும் தன்தன் போக்கில் காய்க்கின்றன. எந்த மாதத்திலும் காட்டில் எங்கோ ஒரு மரம் பழுத்திருக்கும். ஒரு குளவியின் இரண்டு நாள் ஆயுளுக்காக உண்டான ஏற்பாடு, இருவாச்சியையும் குரங்கையும் பச்சைப்புறாவையும் பஞ்ச காலத்தில் காப்பாற்றுகிறது. பயணத்துக்குப் புறப்படும் முன் உங்கள் தெருவில் இருக்கும் ஆலோ அரசோ ஒன்றின் பழத்தைப் பிட்டுப் பாருங்கள். ஆனைமலையில் பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டால் அதன் கீழ் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும் என்பது அப்போதே மனத்தில் பதிந்துவிடும்.

வழி சொல்கிறேன். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிப் பூங்கா நகரில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். பாலக்காடு எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி, சேலம், கரூர், திண்டுக்கல், பழனி சுற்றி, காலையில் பொள்ளாச்சியில் இறக்கிவிடும். அங்கிருந்து வால்பாறைக்குச் சுமார் 65 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. அரசுப் பேருந்திலேயே போகலாம். காரைவிட ஜன்னல் உயரம். வேகமும் காட்டுக்கு ஏற்ற வேகம்.

இந்தப் பாதையில் தூங்கிவிடாதீர்கள். ஆழியாறு அணையருகே முள்ளும் புதருமாகத் தொடங்கும். பொள்ளாச்சிச் சமவெளியில் 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் மழை. ஏற ஏற இலையுதிர் மரங்கள். ஜனவரியில் பாதி மொட்டையாக நிற்கும். ஒன்பதாவது வளைவில் பாறை விளிம்பில் வரையாடுகள் நின்றுகொண்டிருந்தால் அதிர்ஷ்டம். அட்டகட்டி தாண்டியதும் சாலையில் நிழல் அடர்கிறது, காற்றில் ஈரம் வருகிறது, மரத்தண்டுகளில் பாசி ஏறுகிறது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி, மேலே தள்ளப்பட்டு, குளிர்ந்து மழையாகிறது. மலைக்கு இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று காய்ந்துவிடுகிறது. அந்தக் காய்ந்த பக்கத்திலிருந்து நனைந்த பக்கத்துக்கு இரண்டரை மணி நேரத்தில் நீங்கள் பேருந்தில் ஏறிவிடுகிறீர்கள்.

மேலே வந்ததும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. போட்டோவில் அழகாக விழும். ஆனால் அது காடு அல்ல. 1890களில் கார்வர் மார்ஷ் முதலான வெள்ளைக்காரத் துரைமார் வந்து இந்த மேட்டுநிலத்தின் மழைக்காட்டை வெட்டிச் சாய்க்கத் தொடங்கினார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பெரும்பகுதி போயிற்று. வெட்டியதும் நட்டதும் சமவெளியிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த ஏழைகள். அட்டைக்கும் மலேரியாவுக்கும் நடுவே அவர்கள் பட்ட பாட்டை அறிய, மருத்துவர் பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழில் தந்த ‘எரியும் பனிக்காடு’ நாவலைப் பயணத்துக்கு முன் படித்துவிடுவது நல்லது. தேயிலைச் சரிவைப் பார்க்கும் கண் மாறிவிடும்.

வெட்டியது போக மிஞ்சிய காடு, சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் துண்டு துண்டாக நிற்கிறது. சுற்றிலும் புலிகள் காப்பகம். தனியார் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்தத் துண்டுகளில்தான், உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கை மிக அருகில் பார்க்க முடியும். வால்பாறை ஊருக்கு ஒட்டினாற்போல் இருக்கும் புதுத்தோட்டம் அதற்குப் பேர்போனது. நூறு ஹெக்டேர்கூட இல்லாத அந்தக் காட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட குரங்குகள். கருகரு உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் குஞ்சம். ஆழ்ந்த காட்டில் இவை தரையில் கால் வைப்பது அபூர்வம். கிளையிலேயே பிறந்து கிளையிலேயே வாழ்ந்து முடிப்பவை. புதுத்தோட்டத்தில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓடுவதால் இறங்கிக் கடக்கின்றன. வண்டியில் அடிபட்டுச் சாகவும் செய்கின்றன. சாலைக்கு மேலே மரங்களுக்கு இடையில் கட்டியிருக்கும் பட்டைப் பாலங்களை அண்ணாந்து பாருங்கள். அவை குரங்குகளுக்காக. கீழே சாலையோரம் வாழைப்பழம் நீட்டுகிறவர்கள் குரங்கைப் பாலத்திலிருந்து தாரோட்டுக்கு இறக்குகிறார்கள். இதைப் பக்தியோ பரிவோ என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணையில் மூழ்கவிடாமல் காத்த போராட்டத்துக்கு முகமாக நின்றதும் இதே குரங்குதான். 1984-ல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆயிற்று. வெடிப்பலாவும் சிங்கவால் குரங்கும் சேர்ந்து ஒரு பள்ளத்தாக்கைக் காப்பாற்றின என்று சொன்னால் மிகை கொஞ்சம்தான்.

காட்டுக்குள் நடப்பது தனிக் கலை. இதற்கு ஆனைமலையிலேயே இருக்கும் டாப்சிலிப் பக்கம் வசதி. வனத்துறையின் தங்கும் இடங்கள் உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இணையம் வழியே பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு நடக்கலாம். பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீக் காலம் என்று மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவது வழக்கம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மாண்டவர்களை நினைத்தால் அதில் முணுமுணுக்க ஒன்றுமில்லை. வழிகாட்டி காடர், மலசர் போன்ற பழங்குடியைச் சேர்ந்தவராக இருந்தால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு அவருடைய தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. இதற்குத் தயாராக இருங்கள். முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் இலைக்கூரை. அதன்மேல் விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு இறங்குகிறது. பூவும் பழமும் விலங்கும் வெளிச்சம் இருக்கிற மாடியில்; நீங்கள் நிற்பது இருட்டான அடித்தளத்தில். தரையில் முளைக்கும் கன்றுக்கு வெயில் கிடையாது என்பதால், இந்த மரங்கள் விதைக்குள்ளேயே பல மாதத்துக்கான கட்டுச்சோற்றை வைத்து அனுப்புகின்றன. அதனால் கொட்டைகள் பெரிது. பெரிய கொட்டையை முழுங்கித் தூரத்தில் போடப் பெரிய வாய் வேண்டும். காட்டு ஜாதிக்காயைச் சுமந்து போக இருவாச்சியையும் பெரிய மலைப்புறாவையும் விட்டால் ஆள் குறைவு. இருவாச்சி இல்லாத காட்டில் தாய் மரத்தின் அடியிலேயே கொட்டைகள் குவிந்து வீணாகும்.

அப்படி ஒன்றுமே இல்லாமல் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று மரம் முழுக்கப் பறவைகள் வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு இனங்கள் ஒன்றாக. இவை வேட்டைக் கூட்டணி. இலைக்கு அடியில் தேடுவது ஒன்று, பட்டையில் கொத்துவது ஒன்று, கலைந்து பறக்கும் பூச்சியைக் காற்றில் பிடிப்பது ஒன்று. ஆளுக்கொரு தொழில் என்பதால் சண்டை குறைவு. கண்கள் நிறைய என்பதால் வல்லூறிடமிருந்து பாதுகாப்பு அதிகம். வாலில் இரண்டு நீண்ட கம்பியும் நுனியில் துடுப்பும் கொண்ட கரிச்சான் இந்தக் கூட்டத்தின் காவற்காரன். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே பேசிக்காட்டும். சில நேரம் பொய் எச்சரிக்கை கொடுத்து, மற்றது போட்டுவிட்டு ஓடிய பூச்சியை எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் கூட்டம் கடந்துபோய்விடும். மறுபடி அரை மணி நேர மௌனம். அவசரக்காரர்கள் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வந்து, நடுவிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

மரத்தண்டில் பட்டை நிறத்தில் ஓர் ஓணான் தெரிந்தால் கண்ணை எடுக்காதீர்கள். விலா எலும்புகளை இருபுறமும் விரித்து, அதில் பூட்டிய தோலை இறக்கையாக்கி, அடுத்த மரத்துக்கு மிதந்துபோகும் பறக்கும் ஓணானாக இருக்கலாம்.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஜனவரியில் குறைவு, மழைக்காலத்தில் எங்கும். இலை நுனியில் எழுந்து நின்று, உங்கள் காலடி அதிர்வையும் மூச்சையும் உடல் சூட்டையும் மோப்பம் பிடித்து வரும். கடிப்பது வலிக்காது, இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் சேர்த்துவிடுவதால், அது விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ஒழுகும். விஷம் எதுவும் இல்லை. கணுக்காலுக்கு மேல் இழுத்துக் கட்டும் அட்டை உறையும் கொஞ்சம் உப்பும் போதும்.

பயப்பட வேண்டியது யானைக்கு. வால்பாறையில் மாலைக்கு மேல் தேயிலைக்குள் நடக்கவே கூடாது. யானை தவிரச் சிறுத்தையும் கரடியும் உண்டு. சாலையோரக் கம்பங்களில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் யானை நிற்கிறது என்று பொருள். செல்போன் வழியே இந்த விளக்கை எரிய வைக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களின் போனுக்குக் குறுஞ்செய்தியும் போகும். இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் எம். ஆனந்தகுமார் வனத்துறையோடும் ஊர்க்காரர்களோடும் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு இது. 2015-ல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. யானை எங்கே என்று தெரியாமல் ராத்திரி அதன்மேல் போய் முட்டிக்கொள்வதுதான் பல சாவுகளுக்குக் காரணம். இடம் தெரிந்தால் மனிதன் ஒதுங்கிக்கொள்வான், யானையும் தன் வழியே போய்விடும்.

மழைக்காலப் பயணம் வேறு பயணம். அது தவளைகளுக்காக. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்; ஆனால் இரண்டு தவளைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். களக்காட்டு மலையில் ஈத்தை என்ற மெல்லிய மூங்கிலின் கணுக்களுக்கு நடுவே வாழும் ஒரு பச்சைத் தவளை, 1870களுக்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல் 2011-ல் மறுபடி கிடைத்தது. மூங்கிலில் இருக்கும் சிறு வெடிப்பு வழியே உடம்பை நெளித்து உள்ளே நுழைந்து, அங்கேயே முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைப் பருவமே இல்லை, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை. காவலுக்கு உள்ளே அப்பா. கே.எஸ். சேஷாத்ரியும் உடன் ஆய்ந்தவர்களும் 2014-ல் இதை வெளியிடும்வரை உலகில் எந்தத் தவளைக்கும் இப்படி ஒரு பழக்கம் உண்டென்று தெரியாது. இன்னொன்று, 2003-ல் எஸ்.டி. பிஜு உலகுக்கு அறிவித்த ஊதாத் தவளை. ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் கறையான் தின்று, மழை தொடங்கும் சில நாள் மட்டும் இணை சேர வெளியே வரும். அதன் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தங்கள் இந்தியாவில் எங்கும் இல்லை. கடல் கடந்து செஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இந்தியாவும் செஷெல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்தின் சாட்சி.

இனி இந்தக் காடு வளருமா? கொஞ்சம் வளர்க்கிறார்கள். சூழலியலாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் 2000களின் தொடக்கத்திலிருந்து, தோட்டக் கம்பெனிகளின் சம்மதத்தோடு, சிதைந்த துண்டுகளில் உள்ளூர் மரங்களை நட்டுவருகிறார்கள். மழைக்காட்டு விதைக்கு ஒரு சிக்கல்: நெல்லைப் போலக் காயவைத்துச் சேமிக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். ஆகவே தாரோட்டில் விழுந்து எப்படியும் முளைக்காமல் போகும் விதைகளைப் பொறுக்கி வந்து உடனே நாற்றங்காலில் போடுகிறார்கள். இப்படி மீட்ட இடங்களில், சும்மா விட்ட இடங்களைவிட மர வகைகளும் நிழலும் மரங்கள் சேமிக்கும் கரியும் கூடியிருப்பதாக 2019-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பழைய காட்டை அது எட்டவில்லை. எட்ட ஒரு தலைமுறை போதாது.

பட்டினப்பாக்கத்துக்காரருக்கு இதில் நேரடிக் கணக்கு ஒன்று உண்டு. ஆகஸ்ட் மாதத்துச் சாயங்காலம் திடீரென்று இடித்துக்கொண்டு ஒரு மழை வருமே, அந்தத் தென்மேற்குப் பருவத்து மழையின் ஈரம் கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வேரால் உறிஞ்சி இலையால் வெளிவிடும் நீராவி, மேலைக்காற்றில் கிழக்கே நகர்ந்து மறுபடி மழையாகிறது. மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-ல் கணக்கிட்டபடி, தமிழ்நாட்டில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் கால் பங்குக்குக் குறையாமல் இந்தக் காடுகளின் உபயம். மழை பொய்க்கும் ஆண்டுகளில் பங்கு இன்னும் கூடும். இது மாநிலத்துக்கான சராசரி. உங்கள் மொட்டைமாடியில் விழுந்த துளி ஆனைமலையில் குடித்ததா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கேரளத்துப் பக்கத்துக் காட்டுக்கும் நமக்கும் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

கடைசியாக மூட்டை. எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் ஒன்று. கேமராவைவிட இதுதான் முக்கியம். மங்கல் நிறச் சட்டை. குடை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்; மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. குளியல் சோப்பைத் தவிர வாசனைச் சமாச்சாரம் எதுவும் வேண்டாம். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் பூட்டிவைத்துவிடுங்கள். இ-பாஸ் நடைமுறையையும், ஆழியாறு சோதனைச் சாவடி எத்தனை மணிவரை வண்டியை விடும் என்பதையும் கிளம்பும் வாரத்தில் கோவை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கல் வாரமும் குடியரசு தின விடுமுறையும் வேண்டாம். செவ்வாய் போய் வெள்ளி திரும்பினால் சாலை உங்களுடையது, குரங்குகளுக்கும் நிம்மதி. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. பிப்ரவரி முதல் வாரத்துக்கு டிசம்பர் முதல் வாரமே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.